அயர்லாந்துக் கோட்டைகளைப் பார்ப்பது எப்படி: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

அயர்லாந்துக்கு முதன்முறை செல்பவர்கள் முதல் கோட்டையைக் கண்டு வியப்பார்கள், இரண்டாவதைப் படம் எடுப்பார்கள், மூன்றாவதன் வாசலுக்கு வரும்போது எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கியிருக்கும். சாம்பல்நிறக் கல், குறுகிய படிக்கட்டு, கூரையில்லாத கூடம் என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் வருகிற சலிப்பு இது. எதை, எந்த வரிசையில், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் அந்தச் சலிப்பு நீங்கிவிடும். ஏறக்குறைய எந்த ஐரிஷ் கோட்டையும் ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டதன்று. ஒரு தலைமுறை அச்சத்தில் அடைத்த சுவரை இன்னொரு தலைமுறை வெளிச்சத்துக்காக உடைத்திருக்கும். அடுத்து வந்தவர்கள் வெடிமருந்து வைத்துப் பாதியைச் சாய்த்திருப்பார்கள். எந்தக் கல் எந்தத் தேவைக்காக வைக்கப்பட்டது என்று பிரித்தறியும் பழக்கத்தை ஏற்படுத்துவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதற்படி: ஐந்து காலங்களை மனத்தில் இருத்துங்கள்

புறப்படும் முன் ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐந்து காலப் பிரிவுகள் மட்டும் நினைவில் இருந்தால், கண்ணில் படும் எந்தக் கட்டடத்தையும் அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழப் பொருத்திவிடலாம்.

முதலாவது, கோட்டைகளுக்கு முந்தைய காலம். ஐரிஷ் மக்கள் வட்டமான மண்கரை எழுப்பி அதனுள் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவற்றை ராத், லிஸ் என்று அழைத்தார்கள். கல்லால் கட்டிய வட்டத்துக்குக் கஷல் என்று பெயர். இவை பெரும்பாலும் வேளாண் குடும்பங்களின் அரண்செய்த வீடுகளே. புகழ்பெற்ற ராக் ஆஃப் கேஷல் குன்றைக் கோட்டை என்று எண்ணிச் செல்பவர்கள் பலர். தெற்கு அயர்லாந்தின் மன்ஸ்டர் அரசர்களின் இருப்பிடமாக இருந்த அந்தக் குன்று 1101-இல் திருச்சபைக்கு அளிக்கப்பட்டது; இன்று அங்கே ஓங்கி நிற்பவற்றுள் பெரும்பகுதி தேவாலயக் கட்டடங்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய இடந்தான், ஆனால் கோட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் இடம் அதுவன்று.

இரண்டாவது, 1169-இல், பிரான்ஸின் நார்மண்டி வழிவந்து அப்போது இங்கிலாந்தை ஆண்ட நார்மன்களின் வீரர்கள் தென்கிழக்கே வெக்ஸ்ஃபோர்ட் கரையில் இறங்கியதோடு தொடங்குகிறது. கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசுரிமையை இழந்த டியர்மிட் மக்மரோ துணைக்கு அழைத்து வந்த படை அது. புதிய நிலத்தில் விரைந்து கால் ஊன்ற வேண்டியிருந்ததால் அவர்கள் மண்ணைக் குவித்துச் செங்குத்தான மேடாக்கி, உச்சியில் மரக் கோபுரமும் அடிவாரத்தில் வேலியிட்ட முற்றமும் அமைத்தார்கள். மரம் மட்கிப் போக, மேடு மட்டும் நிற்கிறது. லாங்ஃபோர்ட் மாவட்டத்தின் கிரானார்ட் ஊரில் உள்ளது மிகப் பெரியது. அதன் உச்சியில் 1932-இல் புனித பேட்ரிக்கின் சிலையை நிறுவியிருக்கிறார்கள்.

மூன்றாவது, ஏறத்தாழ 1175 முதல் 1310 வரை எழுந்த பெருங்கற்கோட்டைகளின் காலம். நான்காவது, 1400-க்குப் பின் இரு நூற்றாண்டுகளில் ஆயிரக்கணக்கில் எழுந்த கோபுர வீடுகளின், அதாவது ஒரு குடும்பம் வாழ்வதற்காகக் கோபுர வடிவில் கட்டிய அரண்வீடுகளின் காலம். ஐந்தாவது, பாதுகாப்பை விட வசதி முக்கியமாகி, சன்னல்கள் அகன்று, முடிவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை வேடம் பூண்ட மாளிகைகளில் வந்து நின்ற காலம்.

இரண்டாம் படி: ட்ரிம்மில் தொடங்குங்கள், ஆற்றுக்கு அக்கரையில் நின்று

டப்ளினிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், பாய்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது ட்ரிம். அயர்லாந்தில் நார்மன்கள் கட்டியவற்றுள் இதுவே மிகப் பெரியது. பேருந்தில் சென்று ஒரே நாளில் திரும்பிவிடலாம். ஆனால் இறங்கியதும் நுழைவுச்சீட்டு வாங்க ஓடாதீர்கள். முதலில் ஆற்றைக் கடந்து, மஞ்சள் கோபுரம் எனப்படும் பழைய மடத்தின் எச்சம் நிற்கும் எதிர்க்கரைக்குச் சென்று, அங்கிருந்து கோட்டை முழுவதையும் ஒருமுறை பாருங்கள். ஆறு எந்தப் பக்கத்தைக் காக்கிறது, மதில் எங்கே வளைகிறது, நடுவில் நிற்கும் மையக் கோபுரம் எதையெல்லாம் பார்வையில் வைத்திருக்கிறது என்பவை உள்ளே போனபின் தெரியவே தெரியா. எந்தக் கோட்டைக்கும் இதுவே விதி: முதல் பத்து நிமிடம் வெளியே, தொலைவில்.

1172-இல் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னர், ட்ரிம் அடங்கிய மீத் நாடு முழுவதையும் ஹ்யூ டி லேசி என்ற நார்மன் பிரபுவிடம் ஒப்படைத்தார். அவர் முதலில் இங்கே அமைத்தது அகழியும் மரவேலியும் சூழ்ந்த ஒரு காவலிடம் மட்டுமே. அடுத்த ஆண்டே மேற்கே உள்ள கன்னாக்ட் நாட்டின் அரசர் ரூரி ஓ கானர் படையோடு வந்தபோது அது எரிந்தது. அதன்பின்தான் கல்வேலை தொடங்கியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்து, ஹ்யூ கொல்லப்பட்ட 1186-க்குப் பின் அவர் மகன் வால்ட்டர் காலத்தில் முடிந்தது.

இப்போது உள்ளே சென்று மையக் கோபுரத்தைச் சுற்றி மெதுவாக நடங்கள். நடக்கும்போது மூலைகளை எண்ணுங்கள். சதுரமான நடுக்கட்டடத்தின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு சிறுகோபுரம் ஒட்டியிருந்ததால் மொத்தம் இருபது மூலைகள் வந்தன. நான்கில் மூன்று சிறுகோபுரங்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. தோற்றத்துக்கு வியப்பான இந்த வடிவம் காவலுக்கு அவ்வளவு ஏற்றதன்று. மூலை கூடக் கூட, அடியில் நின்று கல்லைப் பெயர்ப்பவன் மேலிருப்பவர் கண்ணில் படாமல் மறைய இடமும் கூடும். ஆகவே இது, புதிதாக வந்த ஒரு பிரபு தன் ஆற்றலைச் சுற்றியுள்ளோருக்குக் காட்டக் கட்டியது என்றே நான் கருதுகிறேன்.

பின்பு சுவரை நெருங்கிச் சென்று, உள்ளங்கை அளவில் சீரான இடைவெளியில் வரிசையாகத் தெரியும் சதுரத் துளைகளைப் பாருங்கள். புறாக்கள் அடையும் அந்தத் துளைகளை அம்பு எய்யும் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. அவை கொத்தர்கள் சாரம் கட்டிய துளைகள். சுவர் உயர உயர மரத்தடிகளைச் சுவருக்குள்ளேயே செருகி, அவற்றின் மேல் பலகை பரப்பி நின்று வேலை செய்தார்கள்; முடிந்தபின் வெளியே நீட்டிய மரத்தை அறுத்துவிட்டுப் போனார்கள். ட்ரிம்மில் சில துளைகளுக்குள் அந்த மரத்தின் துண்டு எண்ணூறு ஆண்டுகள் தங்கியிருந்தது. அதன் வளையங்களை எண்ணி, மரம் வெட்டப்பட்ட காலத்தைக் கணித்தே கட்டுமானத்தின் கட்டங்களை ஆய்வாளர்கள் பிரித்தறிந்தார்கள். பெயர் எழுதி வைக்காத கொத்தர்கள் விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் அந்தத் துளை வரிசை.

மையக் கோபுரத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே செல்ல முடியும் என்பதால், சுற்றுலாக் காலத்தில் வந்தவுடன் அதற்கான நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெளியேறும்போது தெற்கே உள்ள டப்ளின் வாயிலைத் தவறவிடாதீர்கள். சதுரத்தை விட்டு வட்டத்துக்குக் கட்டடக்கலை நகர்ந்ததை அங்கே காணலாம்: வட்டமான ஒரே கோபுரத்தின் நடுவே வழி, அதன் முன்னே அகழியைத் தாண்டி நீளும் முன்வாயில்.

ட்ரிம் ஊருக்குள் வெல்லிங்டன் பிரபுவுக்கு எழுப்பிய தூண் ஒன்றும் நிற்கிறது. ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளைஞராக ஐரிஷ் நாடாளுமன்றத்தில் இந்த ஊரின் உறுப்பினராக இருந்தவர் அவர். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் கலந்துகொண்டார். அதே ஆண்டு கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அவருடைய அண்ணன் ரிச்சர்ட். மீத் நாட்டின் இந்தச் சிறு ஊரில் அந்தத் தூணுக்குக் கீழே நிற்கும் தமிழருக்கு அது நினைவுக்கு வராமல் இருக்காது.

மூன்றாம் படி: வாயிலைப் படியுங்கள்

மூலை இல்லாத சுவரில் கல்லைப் பெயர்ப்பது கடினம். வட்டத்தின் மேலிருந்து பார்ப்பவருக்கு மறைவிடமும் குறைவு. ஆகவே பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கியதும் வட்டக் கோபுரங்கள் பெருகின, மையக் கோபுரம் மெல்ல மறைந்தது, வலிமை முழுவதும் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. ஷானன் ஆற்றங்கரையில் லிமெரிக் நகரில், இங்கிலாந்தின் ஜான் மன்னர் பெயரைத் தாங்கிய கோட்டையில் மையக் கோபுரமே கிடையாது. இரட்டை வட்டக் கோபுரங்களுக்கு நடுவே ஒடுங்கிய வாயில்தான் அதன் முகம். 1642 முற்றுகையில் அதன் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் தோண்டினார்கள். அகழாய்வில் அந்தச் சுரங்கங்களும் அவற்றைத் தாங்கிய மரங்களும் வெளிப்பட்டன. எவ்வளவு உயர்ந்த மதிலானாலும் அதன் உயிர் அடித்தளத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

வாயிலில் நிற்கும்போது மூன்று பக்கமும் பாருங்கள். இருபுறச் சுவரிலும் செங்குத்தான பள்ளம் ஓடினால், மேலிருந்து இறங்கும் கம்பிக்கதவு அந்த வழியில் சென்றது என்று பொருள். சுவரின் உட்புறத்தில் ஆழமான சதுரப் பொந்து தெரிந்தால், கதவுக்குப் பின்னே கணையமரம் செருகிய இடம் அது. தலைக்கு மேலே விதானத்தில் துளை இருந்தால், மேல் அறையில் இருந்தவர்கள் கல்லோ அம்போ இறக்கிய கொலைத்துளை. இந்த மூன்றையும் தொட்டுப் பார்த்துப் பழக ஏற்ற இடம் டிப்பரரி மாவட்டத்தில், சூர் ஆற்றின் நடுவே பாறைத்தீவில் நிற்கும் கேஹர் கோட்டை. உள்ளூரில் அதன் பெயரை ‘கேர்’ என்று ஒரே அசையில் ஒலிக்கிறார்கள். பேருந்தில் கேட்கும்போது அப்படியே சொல்லுங்கள். 1375-இல் பட்லர் என்ற பிரபுக் குடும்பத்துக்குக் கிடைத்த இந்தக் கோட்டையை 1599-இல் ஆங்கிலப் படைத்தலைவர் எசெக்ஸ் பிரபு பீரங்கியோடு வந்து சில நாளில் கைப்பற்றினார். அப்போது பாய்ந்த குண்டு ஒன்று இன்றும் சுவரில் பதிந்திருக்கிறது. 1650-இல் இங்கிலாந்தின் கிராம்வெல் படையோடு வந்தபோது சண்டையின்றியே சரணடைந்துவிட்டதால்தான் இது இவ்வளவு முழுமையாக எஞ்சியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பும் இதில் கலந்திருப்பதால், மிகச் சீராகத் தெரியும் ஞாயில்களையும் கூரைகளையும் பழமை என்று உடனே நம்பிவிட வேண்டாம்.

ஞாயில் என்பது நம் பழைய சொல். மதில் உச்சியில் ஏறியும் இறங்கியும் வரும் பல்வரிசைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. அம்பு எய்யும் ஒடுங்கிய துளையை ஏப்புழை என்றார்கள். இந்த இரண்டையும் குறிப்பேட்டில் எழுதும்போது பயன்படுத்திப் பாருங்கள்; கையும் கண்ணும் சேர்ந்து பழகும்.

நான்காம் படி: ஒரு கோபுர வீட்டில் அரைநாள் செலவிடுங்கள்

அயர்லாந்தின் தனித்தன்மையை அறிய விரும்பினால் பெருங்கோட்டைகளை விடக் கோபுர வீடுகளே ஏற்றவை. என் பரிந்துரையில் மிக நீண்ட நேரம் இவற்றுக்கே உரியது. 1315-இல் ஸ்காட்லாந்து அரசரின் தம்பி எட்வர்ட் புரூஸின் படையெடுப்பு, 1348-இல் வந்த கொள்ளைநோய் ஆகியவற்றுக்குப் பின் ஆங்கில ஆட்சியின் பிடி தளர்ந்து, டப்ளினைச் சுற்றிய பேல் என்ற பகுதிக்குள் மெல்லச் சுருங்கியது. எங்கும் சிறு தலைவர்கள். எல்லோருடைய செல்வமும் மாடுகள். ஆநிரை கவர்தல் அன்றாட அரசியல். 1429-இல் டப்ளின், மீத், கில்டேர், லவுத் ஆகிய நான்கு மாவட்டங்களில் குறைந்தது 20 அடி நீளம், 16 அடி அகலம், 40 அடி உயரத்தில் கோபுரம் கட்டுபவருக்கு 10 பவுண்டு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஆயினும் மிக அடர்த்தியாக அவை எழுந்தது மேற்கிலும் தெற்கிலும், கேலிக் எனப்படும் பழைய ஐரிஷ் குடும்பங்களும் அவர்களோடு கலந்துவிட்ட நார்மன் வழியினரும் வாழ்ந்த நிலங்களில்.

கோல்வே மாவட்டத்தில், ஊக்டரார்ட் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக்னனூர் நல்ல தேர்வு. ஓ ஃப்ளாஹர்ட்டி குடும்பம் 1500-ஐ ஒட்டிக் கட்டிய ஆறு தளக் கோபுரம் அது. பெயருக்கு ‘யூ மரங்களின் வயல்’ என்று பொருள். கோபுரத்தைச் சூழ்ந்த மதிலை பான் என்பார்கள். அந்தச் சொல் ‘மாடுகளின் அரண்’ என்ற ஐரிஷ் சொற்றொடரிலிருந்து வந்ததாக விளக்கம் சொல்வதுண்டு. இரவில் மந்தையை உள்ளே ஓட்டி அடைப்பது அதன் முதன்மையான வேலைகளுள் ஒன்று. ஆக்னனூரில் ஒன்றுக்கு இரண்டு பான்கள் இருக்கின்றன. வெளி முற்றத்தில் விருந்துக்கூடம் ஒன்றும் இருந்தது. அடியில் ஓடும் ஆறு சுண்ணாம்புப் பாறையை அரித்துக் குடைந்துவிட, கூடம் சரிந்து விழுந்தது. இன்று எஞ்சியிருப்பது ஒரு பக்கச் சுவர் மட்டுமே. அதன் சன்னல்களுக்குள் தலையை நீட்டி மேல்நோக்கிப் பாருங்கள்: திராட்சைக் கொடியும் குலையும் செதுக்கியிருப்பார்கள். நிமிர்ந்தபடியே நடந்து போகிறவர்கள் அதைக் காண்பதில்லை.

இனி கோபுரத்துக்குள். கோபுர வீட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் இருப்பதால், ஒன்றைக் கவனமாகப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகும். சுவரின் அடிப்பகுதி வெளிப்புறமாகச் சரிந்து அகலும். மேலிருந்து போட்ட கல் அதில் மோதி எதிரியின் பக்கம் தெறிக்கும் என்பதும், கனத்த சுவருக்கு அகன்ற கால் கிடைக்கும் என்பதும் அதன் பயன்கள். கதவைத் தாண்டியதும் சிறிய இடைகழி; தலைக்கு மேலே கொலைத்துளை. ஒரு பக்கம் காவலறை, ஒரு பக்கம் சுழல் படிக்கட்டு, நேரே இருண்ட சேமிப்பறை. தரைத்தளத்தில் சன்னல் என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்காது, ஒடுங்கிய வெளிச்சக் கீற்றுகள் மட்டுமே.

அந்த இருட்டில் கைவிளக்கை ஏற்றி, கல்வளைவுக் கூரையின் அடிப்பக்கத்தில் சாய்வாக ஒளி விழும்படி பிடியுங்கள். இறுகிய சாந்தில் கூடை முடைந்ததுபோன்ற வரிகள் தெரியும். வளைவைக் கட்டும்போது மரச்சட்டத்தின் மேல் மிலாறுகளால் பின்னிய தட்டிகளைப் பரப்பி, அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தும் கல்லும் இட்டார்கள். சாந்து இறுகியபின் சட்டத்தை நீக்கினார்கள். தட்டியின் அச்சு மட்டும் நின்றுவிட்டது. சில இடங்களில் மிலாறின் துணுக்குகூட ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு வரிச்சை மேலும் அடுத்ததைக் கீழுமாக நுழைத்த விரல் ஒழுங்கு அப்படியே அங்கே இருக்கிறது. மன்னர்களின் பெயர்களை விட எனக்கு இது பெரிதாகத் தோன்றுகிறது. தொடாமல் பாருங்கள், பழஞ்சாந்து எளிதில் உதிரும்.

மேலே ஏற ஏற அறைகளுக்கு வெளிச்சம் கூடும். மிக உயரத்தில் இருப்பதே தலைவரின் கூடம். எதிரிக்கு எட்டாத உயரத்தில் மட்டுமே பெரிய சன்னல் வைக்க முடிந்தது. மரத்தளங்கள் போய்விட்ட கோபுரங்களில் சுவரின் நடுவே அந்தரத்தில் அடுப்பங்கணப்பும் கதவும் தொங்குவதுபோலத் தெரியும். குழம்ப வேண்டாம்: சுவரிலிருந்து நீட்டிய தாங்குகற்களையும் உத்தரம் செருகிய பொந்துகளின் வரிசையையும் தேடுங்கள்; அவை எங்கே நேர்க்கோட்டில் வருகின்றனவோ அங்கே ஒரு தளம் இருந்தது. சுவரின் கனத்துக்குள் ஒதுங்கிய சிற்றறையும், அதில் கீழ்நோக்கி இறங்கும் கல்வழியும் தெரிந்தால் அது கழிப்பறை. வெளியே வந்தபின் அது எந்த இடத்தில் திறக்கிறது என்று பார்த்துவிட்டால், உள்ளமைப்பும் வெளித்தோற்றமும் மனத்தில் ஒன்றாகப் பொருந்திவிடும்.

ஐந்தாம் படி: வழிகாட்டிகள் சொல்லும் கதைகளைச் சுவரோடு வைத்துப் பாருங்கள்

சுழல் படிக்கட்டு வலஞ்சுழியாக ஏறுவது, மேலிருந்து காப்பவரின் வலக்கை வாளுக்கு இடம் விடவும் கீழிருந்து வருபவரைத் தடுக்கவும் என்று ஏறக்குறைய எல்லாக் கோட்டையிலும் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்து எழுத்து எதுவும் அப்படிச் சொல்லவில்லை. இடஞ்சுழிப் படிகளும் இருக்கின்றன. கோபுரத்தின் எந்த மூலையில் கதவு இருக்கிறது, எந்தப் பக்கம் அறை வர வேண்டும் என்பவற்றைப் பொறுத்தும் படி திரும்பியிருக்கலாம். நீங்கள் செல்லும் ஒவ்வொரு கோபுரத்திலும் சுழலும் திசையைக் குறித்துவாருங்கள்; பத்துக் கோபுரம் முடிந்ததும் உங்களுக்கே ஒரு கருத்து உருவாகும்.

கார்க் நகருக்கு அருகில் உள்ள பிளார்னி கோட்டையில், நாவன்மை தரும் என்று சொல்லப்படும் கல்லை முத்தமிட நீண்ட வரிசை நிற்கும். கோர்மக் மக்கார்த்தி 1446-இல் கட்டிய கோபுர வீடு அது. முத்தமிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் மல்லாந்து படுத்துத் தலையைப் பின்னோக்கிச் சாய்க்கும் அந்த இடைவெளி எதற்காக இருக்கிறது என்று கவனியுங்கள். மதிலின் தலைப்பகுதி சுவரை விட்டு வெளியே துருத்தி நிற்க, இரண்டுக்கும் நடுவே விட்ட திறப்பு அது. அடிவாரத்தில் நிற்பவர் மீது கல்லை நேரே கீழே போடுவதற்கான அமைப்பு. அதைக் கண்ணால் மட்டுமன்றி முதுகாலும் உணர முடிகிற இடம் பிளார்னி என்பதே, கட்டடக்கலை கற்பவருக்கு அந்த வரிசையில் நிற்க நல்ல காரணம்.

ஆறாம் படி: சன்னல்களைக் கொண்டு காலத்தைக் கணியுங்கள்

பீரங்கி பரவியபின் உயர்ந்த கல்கோபுரம் காவலாக இல்லாமல் குண்டுக்கு எளிய இலக்காக மாறியது. மறுபுறம், பணம் படைத்தவர்கள் வெளிச்சமும் அகன்ற படிக்கட்டும் விரும்பினார்கள். இந்த மாற்றத்தை ஒரே பார்வையில் காட்டும் கட்டடம் கிளேர் மாவட்டத்தில் உள்ள லெமனே. இடது கண்ணால் பதினைந்தாம் நூற்றாண்டையும் வலது கண்ணால் பதினேழாம் நூற்றாண்டையும் பார்ப்பதுபோல் இருக்கும். 1480-ஐ ஒட்டிக் கட்டிய ஒடுங்கிய கோபுரத்தில் வெறும் கீற்றுகள். அதை ஒட்டியே 1640-களில் கோனர் ஓ பிரையனும் ‘செந்தலை மேரி’ என்று பெயர்பெற்ற அவர் மனைவி மேரி ருவாவும் கட்டிய நான்கு மாடி வீட்டின் முகப்பிலோ, கல்சட்டமிட்ட அகன்ற சன்னல்கள் வரிசை வரிசையாக. வீடு கட்டிச் சில ஆண்டுகளுக்குள், 1651-இல், கோனர் போரில் காயமுற்று இறந்தார். இது தனியார் நிலத்தில் இருப்பதால் சாலையிலிருந்தே பார்க்க வேண்டும். அந்தத் தொலைவே போதுமானது.

அதே பாடத்தை ரோஸ்காமன் வேறுவிதமாகச் சொல்கிறது. 1269-இல் தொடங்கிய அரச கோட்டை, மூலைகளில் அரைவட்டக் கோபுரங்கள், கனத்த இரட்டை வாயிற்கோபுரம் என எல்லாம் பதின்மூன்றாம் நூற்றாண்டின் கண்டிப்பு. ஆனால் அந்தச் சுவர்களிலேயே பெரிய சதுரச் சன்னல்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை மூன்று நூற்றாண்டு கழித்து, 1580-ஐ ஒட்டி, நிக்கோலஸ் மால்பி என்ற ஆங்கில ஆளுநர் தம் வசிப்பிடமாக மாற்றியபோது வந்தவை. கல்லின் விளிம்பைப் பாருங்கள்: பழைய சுவரைக் குடைந்து புதிய சட்டத்தைப் பொருத்திய தையல் தெரியும். 1652-இல் அரண்களை இடித்தார்கள். இன்று பூங்காவுக்குள் இருக்கிறது, கட்டணம் இல்லை, ரயில் நிலையமும் ஊரிலேயே உண்டு. கூட்டமே இல்லாத இந்த இடத்தை நான் பலருக்கும் பரிந்துரைக்கிறேன்.

கில்கென்னியில் வில்லியம் மார்ஷல் எழுப்பிய பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கோட்டையின் நான்கு மூலைக் கோபுரங்களில் மூன்று நிற்கின்றன. ஆனால் உள்ளே நீங்கள் காண்பது பெரும்பாலும் பிற்கால மாளிகை. 1391 முதல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த பட்லர் குடும்பம் 1967-இல் 50 பவுண்டுக்கு அதை மக்களிடம் ஒப்படைத்தது. டப்ளின் கோட்டையிலும் இதே நிலை: 1204-இல் ஜான் மன்னர் ஆணையிட்ட கோட்டையில், 1684 தீ விபத்துக்கும் அதன்பின் எழுந்த மறுகட்டுமானத்துக்கும் தப்பிய பெரிய எச்சம் ஆவணக் கோபுரம். 1922 ஜனவரி 16 அன்று அந்த முற்றத்தில்தான் ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் ஆங்கில ஆட்சியிடமிருந்து பொறுப்பை ஏற்றார்.

வடமேற்கே டோனிகால் மாவட்டத்தில் உள்ள கிளென்வே கோட்டையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏரிக்கரையில் கருங்கல்லால் எழுந்த அதன் ஞாயில்கள் எந்தப் போரையும் கண்டதில்லை. கட்டியது 1870-ஐ ஒட்டி. கட்டிய ஜான் ஜார்ஜ் அடேர் 1861 ஏப்ரலில், அந்த நிலத்தில் வாழ்ந்த 244 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார். தோட்டத்தின் அழகைப் பார்க்கச் செல்பவர்கள் இந்த எண்ணையும் கொண்டுசெல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏழாம் படி: பயண ஏற்பாடு

அயர்லாந்துக் குடியரசின் முக்கியமான கோட்டைகள் பலவற்றை அரசின் பொதுப்பணி அலுவலகம் பராமரிக்கிறது. நான்கைந்துக்கு மேல் பார்ப்பதாக இருந்தால் அவர்கள் தரும் ஆண்டு மரபுரிமை அட்டை லாபம். சிறிய இடங்கள் பல குளிர்காலத்தில் மூடப்படும் என்பதால், மே முதல் செப்டம்பர் வரை செல்வதே நல்லது. படிகள் தேய்ந்தும் ஈரமாகவும் இருக்கும். அடி வழுக்காத காலணி, கைவிளக்கு, மழைச்சட்டை ஆகிய மூன்றையும் மறக்க வேண்டாம். முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சுழல் படி இறங்குவதே ஏறுவதை விடக் கடினம். அவர்கள் ரோஸ்காமன் போன்ற தரைமட்ட இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ரயிலில் எளிதில் எட்டக்கூடிய காரிக்ஃபெர்கஸ் கோட்டை, 1177-இல் ஜான் டி கோர்சி தொடங்கி 1928 வரை படை தங்கிய இடம்; பாறைமுனையின் நுனியில் மிகப் பழைய உள்முற்றம், கரையை நோக்கி வர வரப் புதிய முற்றங்கள் என்று வரிசையாக வளர்ந்தது. பார்க்கத் தவறாதீர்கள். ஆனால் அது வட அயர்லாந்தில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில் இருக்கிறது. எல்லையில் சாவடி இல்லை என்பதற்காக விசா வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவும் அயர்லாந்துக் குடியரசுக்குச் செல்லாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இரு நாட்டுக்கும் பொருந்தும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா ஏற்பாடு தங்களுக்குக் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வட அயர்லாந்தில் நாணயமும் யூரோ அன்று, பவுண்டு.

கடைசியாக, பெயர்ப்பலகையற்ற இடிபாடுகள். சாலையில் செல்லும்போது வயலின் நடுவே பச்சைக்கொடி படர்ந்த கோபுரம் திடீரென்று தென்படும். தேசிய நினைவுச்சின்னத் துறையின் இணைய வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடினால் அது என்ன என்று ஓரளவு தெரிந்துவிடும். நிலம் பெரும்பாலும் உழவருக்குச் சொந்தமானது. அருகிலுள்ள வீட்டில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள், நாயை அழைத்துச் செல்லாதீர்கள். உலோகம் தேடும் கருவியை உரிமமின்றிப் பயன்படுத்துவது குற்றம். கொடி பற்றிய சுவரில் ஏறவோ, தளர்ந்த வளைவின் அடியில் நிற்கவோ வேண்டாம். சுற்றி நடந்து, அடிச்சரிவையும் ஏப்புழைகளையும் கழிப்பறை திறக்கும் வாயையும் நீங்களே கண்டுபிடியுங்கள். மதில் இடிந்துபோன பான் இருந்த இடத்தில் இன்றும் மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். திரும்பும்போது வேலிக்கதவை மறக்காமல் தாழிட்டுவிட்டு வாருங்கள்.